வானத்துப் பேனும் போர்ப் பருந்தும்



1935 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 13 ஆம் நாள், பிரான்சின் வடகரையிலிருந்து கிளம்பிய ஒரு சின்னஞ்சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, கென்ற் மாகாணத்தில் லிம் என்னும் விமானத் திடலில் இறங்கியது. அதன் முன்சிறகு ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏறக்குறைய 6 மீற்றர். தலையிலிருந்து வால் வரை அளந்தால் 4 மீற்றருக்கும் குறைவு. வீட்டு முற்றமொன்றில் நிறுத்திவிடலாம். மரச் சட்டங்கள், ஒட்டுப்பலகை, மேலே போர்த்திய துணி, முகப்பில் மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தமான சிறிய எஞ்சின்: இவ்வளவே அதன் உடைமை. அதனை ஓட்டி வந்தவரே அதனைத் திட்டமிட்டவரும் தம் கையாலேயே செய்தவருமாவார். அவர் பெயர் ஆன்றி மின்யே.

பிரெஞ்சு மொழியில் அவர் அதற்கு இட்ட பெயர் வானத்துப் பேன் என்று பொருள்படும். ஆங்கிலேயர் அதனைப் பறக்கும் தெள்ளு ஆக்கிக்கொண்டனர். பேனோ, தெள்ளோ, இரண்டும் மனிதரோடு ஒட்டி வாழ்பவை, எண்ணிக்கையிற் பெருகுபவை. மின்யேயின் கனவும் அதுவே. செல்வரும் படைவீரரும் மட்டுமே ஆண்ட ஆகாயத்தைச் சாதாரண மனிதனுக்குத் திறந்துவிடவேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

1893 ஆம் ஆண்டிலே பிறந்த மின்யே வானொலித் துறையிற் பயின்றவர். விமானக் கலையைத் தாமாகவே கற்றவர். எட்டாவது மாதிரியாக அவர் அமைத்த விமானம் ஓரளவு நன்றாகவே பறந்தது. அதன் வரைபடங்களைக் கொண்டு வேறு பலரும் விமானம் செய்துகொண்டனர். ஆயினும் அவருக்கு ஒரு குறை இருந்தது. வழக்கமான விமானத்தைச் செலுத்துவோன் கையினாற் பிடிகோலையும் காலினாற் சுக்கானையும் ஒருங்கே இயக்கவேண்டும். இந்த இசைவு தமக்குக் கைவரவில்லை என்பதை மின்யே மறைக்கவில்லை. அதுமட்டுமன்று. வேகம் குறைந்த விமானத்தின் மூக்கை மிக உயர்த்தினால் சிறகின்மேற் செல்லும் காற்று சிதறும். சிறகு ஏந்தும் வலுவை இழக்கும். விமானம் பம்பரம்போற் சுழன்று வீழும். அக்காலத்தில் இவ்வாறு மாண்டோர் பலர். விமானம் ஆபத்தானதாக இருப்பது அதன் அமைப்பின் குற்றமேயன்றி மனிதனின் குற்றமன்று என்று மின்யே முடிவுசெய்தார்.

ஆகவே அவர் அமைப்பையே மாற்றினார். சிறகின் ஓரங்களில் அசையும் பலகைகளை நீக்கினார். காலால் இயக்கும் கருவியையும் நீக்கினார். வாற்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் பெரியதொரு பின்சிறகையே வைத்தார். முன்சிறகு அச்சொன்றில் ஊசலாடும். பிடிகோலைப் பின்னே இழுத்தால் முன்சிறகு நிமிர்ந்து விமானம் எழும். பக்கத்தே சாய்த்தால் சுக்கான் திரும்பும். ஒரே கோல், ஒரே கை. முன்சிறகின் பின்விளிம்பு, பின்சிறகின் முன்விளிம்புக்குச் சற்று மேலே கவிந்திருந்தது. இரண்டுக்குமிடையே உள்ள ஒடுங்கிய வெளியினூடே காற்று விரைந்து பாய்ந்து பின்சிறகைத் தழுவிச் செல்லுமாதலால், பின்சிறகு ஒருபோதும் வலுவிழக்காது என்பது அவர் கணிப்பு. 1933 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 10 ஆம் நாள் பதினான்காவது மாதிரியாகிய இவ்விமானம், 17 குதிரைவலு எஞ்சினோடு முதன்முறை பறந்தது. அவர் கணித்தவாறே அது சுழன்று வீழவில்லை.

அடுத்த ஆண்டு மின்யே எழுதிய நூல் வெளிவந்தது. விமானத்தின் வரைபடங்களோடு, மரத்தை அறுப்பதிலிருந்து தனியே பறக்கப் பழகுவது வரை எல்லாம் அதில் இருந்தன. சாமான் பெட்டியொன்றை ஆணியடித்துச் செய்யத் தெரிந்தவன் எவனும் இதனைச் செய்யலாம் என்பது அவர் துணிபு. 1935 இல் அந்நூல் ஆங்கிலத்திலும் வந்தது. கொட்டகைகளிலும் மோட்டார் பழுதுபார்க்கும் இடங்களிலும் இளைஞர் இழைப்புளியோடும் வச்சிரப் பசையோடும் அமர்ந்துவிட்டனர். பிரித்தானிய விமான அமைச்சும் இத்தகைய விமானங்களுக்கென இலகுவான பறத்தல் அனுமதியொன்றை ஏற்படுத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட தெள்ளுகள் அந்நாட்டில் அவ்வனுமதியைப் பெற்றன. கால்வாயைக் கடந்து மின்யே வந்து இறங்கியது இந்த ஆரவாரத்தின் நடுவிலேதான்.

1936 இன் இளவேனிலில் மரணங்கள் தொடங்கின. பிரான்சிலும் நேர்ந்தன, பிரித்தானியாவிலும் நேர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரே விதமாக இருந்ததுதான் வியப்பு. விமானம் மூக்கைத் தாழ்த்தும். தாழ்ந்த மூக்கு மீண்டும் எழாது. அப்படியே நிலத்தைச் சென்று முட்டும். தம் வீட்டுக் கொட்டகையில் ஆணியடித்தவர்கள் மட்டும் இறந்திருந்தால் தச்சு வேலையிற் பிழை என்று கூறித் தப்பியிருக்கலாம். ஆனால் வான்படையிற் பயின்ற அதிகாரிகளும் மாண்டனர். இதற்கிடையிலும் அதே ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் நாள் றாம்ஸ்கேற் நகரில் தெள்ளுகளுக்கென ஒரு பந்தயமே நடைபெற்றது. ஆர்வம் அத்துணை எளிதில் அடங்குவதன்று.

ஈற்றில் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் ஏற்றிச் சோதித்தனர். பெரிய விசிறியினாற் காற்றைச் செலுத்தி, நிற்கும் விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்து ஆராயும் கூடம் அது. பிரான்சில் பாரிசு நகரை அடுத்த சலே-மெடோனிலும், இங்கிலாந்தில் பார்ண்பரோவிலும் இச்சோதனைகள் நடந்தன. விடை தெளிவாக வந்தது. மூக்கு ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் தாழ்ந்துவிட்டால், பிடிகோலை முற்றாகப் பின்னே இழுத்தாலும் அதனை உயர்த்தும் வலு விமானத்துக்கு இல்லை.

காரணம் என்ன? மின்யே போற்றிய அந்த ஒடுங்கிய வெளியேதான். பிடிகோலை இழுக்க முன்சிறகு நிமிர்கிறது. நிமிரும்போது அதன் பின்விளிம்பு கீழே இறங்கிப் பின்சிறகை நெருங்குகிறது. இடைவெளி ஒடுங்க ஒடுங்கக் காற்று இன்னும் விரைந்து பாய்கிறது. பின்சிறகின் ஏந்துவிசை பெருகுகிறது. பின்புறம் மேலே தூக்கப்பட, மூக்கு இன்னும் தாழ்கிறது. வீழ்கின்ற விமானி செய்யக்கூடிய ஒரேயொரு இயல்பான செயல் கோலை இழுப்பதே. அதுவே அவனைக் கீழே தள்ளியது. ஒவ்வொருவரும் தத்தமக்குக் கிடைத்த எஞ்சினைப் பூட்டியதால் பாரம் முன்னும் பின்னுமாக மாறியதும் கேட்டை மிகுவித்தது. தாம் அறிந்த ஆபத்தை மின்யே திறமையோடு நீக்கினார். அந்த நீக்கத்தினுள்ளேயே தாம் அறியாத மற்றொன்றை வைத்துவிட்டார்.

இதே மாதங்களில் வேறொரு வகை விமானமும் பிறந்துகொண்டிருந்தது. 1935 மே மாதத்தில் மெசர்சிமித் 109 இன் முதல் மாதிரி செருமனியிற் பறந்தது. அதற்குரிய செருமானிய எஞ்சின் ஆயத்தமாகாமையால் பிரித்தானியரின் றோல்ஸ் றோய்ஸ் எஞ்சின் ஒன்றே அதிற் பூட்டப்பட்டிருந்தது என்பது வரலாற்றின் குறும்பு. அவ்வாண்டு நவம்பர் 6 ஆம் நாள் ஹரிக்கேன் எழுந்தது. 1942 ஏப்ரல் 5 ஆம் நாள் யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எதிர்த்தெழுந்தவை பெரும்பாலும் இவ்வினத்தவையே. 1936 மார்ச் 5 ஆம் நாள் ஸ்பிற்பயரின் மூலமாதிரி பறந்தது. தெள்ளினும் பத்து மடங்கு பாரம். ஏறத்தாழ 1000 குதிரைவலு.

ஸ்பிற்பயரைத் திட்டமிட்ட றெஜினால்ட் மிச்செல் பிழையே செய்யாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு முன் அமைச்சின் கேள்விக்கு இணங்க அவர் அமைத்த சண்டை விமானம் 1934 இற் பறந்து, எவரையும் கவராமல் ஒதுக்கப்பட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடு சரிவரவில்லை, வேகமும் போதவில்லை. ஆனால் அத்தோல்வியால் எவரும் மாளவில்லை. அதன் பின்னர் அமைச்சு 10,000 பவுண் கொடுத்துப் புதிய மாதிரியைச் செய்வித்தது. அதுவும் முதலில் மணிக்கு 335 மைல் அளவிலேயே நின்றது. சுழல்விசிறியை மாற்றிய பின்னர் 348 மைலை எட்டியது. 1936 யூன் மாதத்தில் 310 விமானங்களுக்குக் கட்டளை பிறந்தது.

அந்த மூலமாதிரியைக் கொண்டு பின்னர் நடந்த சோதனையொன்று சமையற்கட்டுக்கு அண்மையானது. விமானத்தின் தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகளின் தலை, மேற்பரப்போடு சமமாக இருப்பின் காற்று வழுக்கிச் செல்லும். ஆனால் அவ்வாறு அடிப்பதற்குச் செலவும் காலமும் அதிகம். குமிழ்த்தலை ஆணி மலிவு. எங்கெங்கே மலிவை ஏற்கலாம்? அறிவதற்கு, உடைத்த பட்டாணிப் பருப்பை வாங்கி ஆணித்தலைகள் ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினர். விமானத்தைப் பறக்கவிட்டனர். வேகம் 22 மைல் குறைந்தது. பின் வரிசை வரிசையாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து மீண்டும் மீண்டும் பறந்து அளந்தனர். சிறகில் சமதலை ஆணி இன்றியமையாதது என்பதும், உடற்பகுதியிற் சில இடங்களிற் குமிழ்த்தலை போதும் என்பதும் தெரியவந்தன.

ஒரு பருப்பு மணியின் பருமனுக்காக ஒரு வல்லரசின் விமானம் பலமுறை ஏறி இறங்கியது. தச்சுப்பட்டறை இளைஞனின் விமானமோ, அவனே அதன் சிற்பியாகவும் சோதனை விமானியாகவும் இருக்க, முதல் முறையிலேயே உயிரைப் பணயம் வைத்து எழுந்தது. மின்யேயை ஏமாற்றுக்காரர் என்று அன்று ஏசியோர் உண்டு. எனக்கு அது நீதியாகத் தோன்றவில்லை. தாம் பிறருக்குக் கொடுத்த அதே விமானத்தில் அவர் தாமே கடலின் மேற் பறந்தார். அவருக்குக் கிட்டாதது அறிவன்று. பார்ண்பரோவின் அந்தப் பெரிய விசிறி. அது அவருடைய விமானத்துக்கும் சுழலத்தான் செய்தது, ஆனால் மரணங்களுக்குப் பின்னர்.

பழைய தெள்ளுகள் தரையோடு நின்றன. மின்யே சோர்ந்துவிடவில்லை. சிறகுகளின் இடைவெளியையும் பின்சிறகின் வடிவையும் திருத்தித் புதிய வரைபடங்களை அளித்தார். இரண்டாம் உலகப் போரின் பின்னரும் பல நாடுகளிலே தங்கி மாதிரி மேல் மாதிரியாகச் செய்துகொண்டிருந்தார். 1965 இல் அவர் காலமானார். திருத்திய முறையில் அமைந்த அவ்வினத்து விமானங்கள் அதன் பின்னரும் பிரான்சிற் பறந்தன. ஸ்பிற்பயரின் மூலமாதிரியோ, பிரித்தானியா போரில் இறங்கிய மறுநாளே, 1939 செப்ரெம்பர் 4 ஆம் நாள், அதே பார்ண்பரோவில் இறங்குகையிற் கவிழ்ந்தது. அதனை ஓட்டிய விமானியும் பின்னர் இறந்தார்.