எல்லைக்குள் அமைந்த இலக்கிய நட்பு: புதுவைப் பாரதி வட்டமும் அதன் நினைவுநூல்களும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த இடையஞ்சாவடி, மரக்காணம் உப்பளக் கடற்கரைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டுநிலத்தில் அமைந்த சிற்றூர். இன்று ஆரோவில்லை ஒட்டிய ஊராக அறியப்படும் இது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்துள் இருந்தது. அருகிலுள்ள ஆலங்குப்பமும், கடலோரத்துக் காலாப்பட்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. இங்கு ஆட்சியெல்லை ஒரு நேர்கோடாக ஓடவில்லை. ஊருக்கு ஊர் மாறியது. சாவடி என்னும் சொல்லும் வழிப்போக்கர் தங்குமிடத்தை மட்டுமன்றிக் காவலும் வரித்தண்டலும் நிகழும் இடத்தையும் குறிக்கும். உழவருக்கும் உப்பளத் தொழிலாளருக்கும் அன்றாடம் கடக்கும் எல்லையாக இருந்த அதுவே, 1908 முதல் புதுவையில் அடைக்கலம் புகுந்த எழுத்தாளர் சிலருக்கு வாழ்வின் வரம்பாயிற்று. எல்லையைத் தாண்டினால் கைது என்பதே அவர்களின் நிலை.

இக்கடற்கரைக்கும் புலவர் உறவுக்கும் தொடர்பு பழமையானது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழி காட்டுவதே ஆற்றுப்படையின் அமைப்பு. ஒரு தொழிலுடையார் இருவர் வழியில் எதிர்ப்படும்போது போட்டி எழாமல் வழிகாட்டல் நிகழ்வதாக அந்த இலக்கண மரபு கற்பிக்கிறது. புதுவைப் பாரதி வட்டத்தில் இந்த வழிகாட்டலும் இருந்தது; அதன் மறுதலையும் இருந்தது. பாரதியைப் பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி அவ்வட்டத்தினர் எழுதிய நினைவுநூல்களின் வழியே கிடைத்துள்ளது. அந்நூல்கள் நட்பின் பதிவுகளாக மட்டுமே படிக்கப்பட்டு வந்துள்ளன. அவை உரிமை கோரும் ஆவணங்களும் ஆகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நெருக்கடியில் கூடியோர்

'இந்தியா' இதழின் மீதான நடவடிக்கையை ஒட்டி 1908இல் பாரதி சென்னையிலிருந்து புதுவை சென்றார். மண்டயம் சீனிவாசாச்சாரியார் முதலியோரின் முயற்சியால் இதழ் அங்கிருந்து தொடர்ந்தது. 1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் கப்பலில் வந்திறங்கினார். அவ்வாண்டிலேயே இலண்டனிலிருந்து தப்பிய வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். இவர்கள் ஒருவரையொருவர் இலக்கியச் சுவையால் தேர்ந்துகொண்டவர் அல்லர். அரவிந்தர் வங்கத்திலிருந்து வந்தவர்; பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர். ஐயர் கம்பனில் தோய்ந்தவர். இலத்தீன், பிரெஞ்சு முதலிய மொழிகளைக் கற்றவர். பாரதியோ எளிய சந்தங்களையும் நாட்டார் மெட்டுகளையும் நாடியவர். அவர்களை ஓரிடத்தில் நிறுத்தியது ஆங்கிலேயக் காவல்துறை என்று கூறினும் மிகையாகாது.

1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்ட பின் கண்காணிப்பு கடுமையாயிற்று. அவ்வாண்டில் பிரெஞ்சு அரசு, வெளியிலிருந்து வந்து தங்குவோர் உள்ளூர்ப் பெரியோர் ஐவரின் சான்றுக் கையொப்பம் பெறவேண்டும் என விதித்தது. கலவை சங்கரஞ் செட்டியார் போன்ற புதுவை வணிகரின் துணையால் அது கிடைத்தது. இலக்கிய வரலாறுகளில் இக்கையொப்பமிட்டோர் இரண்டொரு வரியில் மறைந்துபோகின்றனர். அவர்கள் மறுத்திருப்பின் வட்டமே கலைந்திருக்கும். ஐயர் வீட்டுக் கிணற்றில் குற்றத்துக்குரிய தாள்கள் அடங்கிய சாடியை ஒற்றர் இட்டுவைத்த நிகழ்ச்சியும் கவனத்துக்குரியது. அதனைத் தொடர்ந்து அரவிந்தர் இல்லத்தைச் சோதிக்க வந்த பிரெஞ்சு நீதித்துறை அதிகாரி, அங்குக் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு வியந்து மரியாதையுடன் திரும்பினார். இலக்கியக் கல்வியே அன்று நற்சான்றாக அமைந்தது.

வாசகராகிய நண்பர்

1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. பாரதி தொடர்புகொண்டிருந்த பிற புதுவை இதழ்களும் அதே காலப்பகுதியில் நின்றன. 'சுதேசமித்திர'னில் அவர் மீண்டும் தொடர்ந்து எழுதத் தொடங்கியது 1915ஆம் ஆண்டளவில்தான். எனில், பாரதியின் பெருங்கவிதைகள் பல உருவான 1912ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருக்குத் தமிழகத்து வாசகரோடு நேரடித் தொடர்பு மிகக் குறைவு. நண்பரே வாசகர்; அவர் கூடும் மாலைப்பொழுதே அரங்கேற்றம். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் அச்சேறியபோது, பாரதி அதனை அந்நண்பர் எவருக்கும் படைக்காமல், தமிழில் இனிப் பிறக்கவிருக்கும் பெருங்கவிகளுக்கும் அவர்களுக்குக் கைகொடுப்போருக்கும் காணிக்கையாக்கினார். எதிரே அமர்ந்திருந்த அறிஞர் போதாமையால் அவர் அவ்வாறு செய்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. சிறிய வட்டத்தின் பாராட்டு, நாடெங்கும் பரவிய வாசகரின் இடத்தை நிரப்பாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

வட்டத்துள் எல்லையால் அடைபடாதவரும் இருந்தனர். கனக சுப்புரத்தினம் பிரெஞ்சுக் குடிமகன். அரசுப் பள்ளித் தமிழாசிரியர். வேணு நாயக்கர் திருமணத்தில், அவையில் பாரதி இருப்பதை அறியாமலே அவர் பாரதியின் பாடலைப் பாடியதும், அதன்வழி அறிமுகம் நேர்ந்ததும் அவரே எழுதிய செய்தி. பின்னர் ஒருநாள், நண்பர் சூழ்ந்திருக்கையில் பாட்டு ஒன்று இயற்றுமாறு பாரதி அவரைப் பணித்தார். சக்தியைப் பற்றி அவர் பாடியதைத் தம் 'கவிதா மண்டலத்தை'ச் சார்ந்தவரின் படைப்பு என்னும் குறிப்போடு 'சுதேசமித்திர'னுக்கு அனுப்பினார். ஆற்றுப்படுத்துதலுக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஐயம் கொண்டோர் நடுவே ஓர் இளங்கவியை நிறுத்தி, அவரை வெளியுலகத்துக்கு அறிமுகம் செய்த செயல் அது. 'பாரதிதாசன்' என்னும் புனைபெயர் அந்த உறவின் வெளிப்பாடு. 1935இல் புதுவையிலிருந்து வந்த 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' என்னும் இதழின் பெயரில் பாரதியின் அக்குறிப்பே திரும்ப ஒலித்தது.

அரவிந்தரைக் காணக் கொடியாலம் ரங்கசாமி ஐயங்கார் அனுப்பி வந்த வ.ரா.வின் அறிமுகம் வேறு வகையானது. ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய அவரிடம் தாம் பேசாமல், ஒரு சிறுவனை அழைத்து, வந்தவருடன் ஆங்கிலத்தில் பேசுமாறு பாரதி கூறிவிட்டாராம். தாம் நாணிய இந்நிகழ்ச்சியை வ.ரா.வே விரித்தெழுதியுள்ளார். பின்னாளில் அவர் எழுதிய எளிய தமிழ் உரைநடைக்கு இதனைத் தொடக்கமாக அவர் கருதியிருத்தல் கூடும்.

பந்தியும் நட்பும்

எழுத்தாளர் நட்பை ஆராய்வோர் யார் யாருடன் உரையாடினர் என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். யார் யாருடன் உண்டனர் என்பதும் வினவத்தக்கது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ரா. கனகலிங்கத்துக்குப் பாரதி 1913இல் பூணூல் அணிவித்தார். பாரதியின் இல்லம் சாதி பாராது வருவோர்க்குத் திறந்திருந்தது. அவ்விருந்தோம்பலின் விலையைச் செலுத்தியவர் செல்லம்மாள். கடனாகப் பெற்ற அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த செய்தி கவிஞரின் பேரருளுக்குச் சான்றாகவே மீளமீள எடுத்துரைக்கப்படுகிறது. அன்றைய உலையை எண்ணினால் அச்செய்தியின் பொருள் வேறாகிவிடும். சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' இவ்வகையில் தனிமதிப்புடையது. ஆண்களின் வாதங்களுக்கு அப்பால், இரு குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும் கொண்டிருந்த உறவை அது காட்டுகிறது. புதிய பாடலை முதலில் கேட்டோருள் அவர்களும் உண்டு என்பதை நினைவூட்டுகிறது.

புதுவைச் சமத்துவத்தை மிகைப்படுத்தலும் தவறு. 1920இல் தமிழகம் திரும்பிய ஐயர், சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் இருவர் தனியே உண்ண இசைந்தமை 1924-25இல் பெரும் போராட்டமாயிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ரா.வும் எதிர்த்தனர், ஐயர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. நண்பர் சிலரிடையே இயல்பாக நிகழ்ந்த கலப்பு, ஒரு நிறுவனத்தின் விதியாக மாற இயலவில்லை. பாரதிதாசன் சுயமரியாதை இயக்கத்தைச் சார்ந்ததையும் இப்பின்னணியில் வைத்தே காணவேண்டும். ஒரே வட்டத்தின் இருவர், ஒரு பந்தியின் இரு பக்கங்களில் நின்றனர்.

அணுக்கம் என்னும் உரிமை

1918 நவம்பர் 20ஆம் நாள் புதுவையை நீங்கிய பாரதி, ஆங்கிலேய எல்லையில் கால்வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அதன்பின், அருகிருந்தவர் யார் என்பதே இலக்கியத் தகுதியாக மாறத் தொடங்கியது.

1930களின் நடுவில் எழுந்த 'பாரதி மகாகவியா' என்னும் விவாதத்தில் இது வெளிப்பட்டது. பாரதியை உலகப் பெருங்கவிகளோடு வைத்து வ.ரா. உயர்த்திப் பேச, கல்கி மறுத்தெழுதினார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் வ.ரா.வின் பக்கம் நின்று எழுதிய கட்டுரைகள் 1937இல் 'கண்ணன் என் கவி' என நூலாயின. வெகுமக்கள் இதழுக்கும் மணிக்கொடி எழுத்தாளருக்கும் இடையிலான பகைமை இவ்விவாதத்துக்கு வேகமூட்டியது என்பதில் ஐயமில்லை. எனினும் இருதரப்பும் சமநிலையில் வாதிடவில்லை. வ.ரா. நேரிற் கண்டவர், கல்கிக்கு அச்சான்று இல்லை. அவர் கவிதையை முன்வைத்தே பேச வேண்டியிருந்தது. அவ்வகையில் கல்கியின் மறுப்பு, முடிவில் ஏற்கத்தகாததாயினும், அணுக்கத்தைத் திறனாய்வுக்கு ஈடாக்காமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுப்பும் பணியை முன்னின்று நடத்தி, 1947இல் அது திறக்கப்படச் செய்தவரும் அதே கல்கிதான்.

நினைவுநூல்கள் இவ்விவாதத்தை ஒட்டியும் தொடர்ந்தும் வந்தன. செல்லம்மாளின் 'பாரதியார் சரித்திரம்' 1941இலும், வ.ரா.வின் 'மகாகவி பாரதியார்' 1944இலும், கனகலிங்கத்தின் 'என் குருநாதர் பாரதியார்' 1947இலும் வெளிவந்தன. யதுகிரி அம்மாளின் நூல் 1954இல் அச்சேறியது. தலைப்புகளே உறவின் பெயரைச் சூடியிருப்பதைக் காணலாம். 'மகாகவி' என்பது விவாதத்தில் வென்ற தரப்பின் சொல். 'என் குருநாதர்' என்பதோ, கோயிலும் கல்வியும் மறுக்கப்பட்ட சமூகத்தின் இளைஞர் ஒருவர் அவ்வட்டத்தில் தமக்குள்ள இடத்தை நிலைநாட்டும் சொல். அதனை வெறும் பணிவுரையாகக் கொள்வது அதன் வலிமையைத் தவறவிடுவதாகும். இந்நூல்கள் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறாகக் கூறுமிடங்களில் எது உண்மை என்று மட்டும் தேடாமல், ஒவ்வொருவரும் தம்மை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதையும் நோக்கின், முரண்பாடுகளும் சான்றாகப் பயன்படும்.

பாரதியின் கவிதையை எடைபோடும் தகுதி வட்டத்துள் மிகுதியும் பெற்றிருந்த ஐயர் இப்போட்டியில் இல்லை. அவர் 1925 ஜூனில் பாபநாச அருவியில் உயிரிழந்தார். பாரதியைப் பற்றித் தனி நினைவுநூல் எழுதவில்லை. கண்ணன் பாட்டின் 1919ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்புக்கு அவர் வரைந்த முன்னுரை உள்ளது. அப்போது பாரதி கடையத்தில் இருந்தார். ஐயர் இன்னும் எல்லைக்கு இப்பால், புதுவையிலேயே இருந்தார்.