கலம் உடைத்தவனும் கைப்பைச் சுவைத்தவனும்

சீன மொழியில் நான்கே எழுத்துக்களால் அமைந்த மரபுத்தொடர்கள் மிகப் பல. அவற்றைச் 'செங்யூ' என்பர். அவற்றுள் பலவற்றின் பின்னே ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கும். கதையை அறியாதவனுக்கு அவை வெறுஞ் சொற்கள். அறிந்தவனுக்கோ ஒரு போர்க்களம், அல்லது ஓர் அரசனின் வாழ்க்கை. துணிவையும் விடாமுயற்சியையும் உணர்த்தும் இரு தொடர்கள் இதற்குச் சான்றாகும்.

முதலாவது, 'அடுகலம் உடைத்து ஓடம் அமிழ்த்தல்' என்பது. கி. மு. 207இல் சின் பேரரசின் படை ஜூலு நகரை முற்றுகையிட்டிருந்தது. அதனை மீட்கச் சென்றவன் சூ நாட்டு இளந்தளபதி சியாங் யூ. ஆற்றைக் கடந்ததும் ஓடங்களை எல்லாம் மூழ்கடிக்குமாறு அவன் ஆணையிட்டான். சமையற் கலங்கள் உடைக்கப்பட்டன. படைவீரரிடம் எஞ்சியது மூன்று நாளுக்குரிய உணவு மட்டுமே. வெல்லுதல், அன்றேல் மடிதல். மூன்றாவது வழி இல்லை. சின் படை சிதறியது. பின்வாங்கும் எண்ணத்தையே அறுத்துக்கொண்டு ஒரு செயலில் இறங்குதலை இத்தொடர் குறிக்கலாயிற்று.

இரண்டாவது, 'விறகிற் படுத்துப் பித்தைச் சுவைத்தல்' என்பது. கி. மு. 494இல் யுவே நாட்டு மன்னன் கோஜியன், வூ நாட்டு மன்னன் பூசாயிடம் தோற்றான். எஞ்சிய ஐயாயிரம் வீரரோடு குவைஜி மலையில் அகப்பட்டுப் பகைவனைப் பணிந்து உயிர் பெற்றான். நாடு மீண்டபின் தன் இருக்கையருகே ஒரு பித்தப்பையைத் தொங்கவிட்டான். உண்ணும்போதெல்லாம் அதன் கைப்பைச் சுவைத்து, அடைந்த இழிவைத் தனக்குத் தானே நினைவூட்டினான். மன்னன் தன் கையால் உழுதான். அரசி நெசவு நெய்தாள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின், கி. மு. 473இல், வூ நாடு அவன் கையில் வீழ்ந்தது. விறகின்மேற் படுத்தான் என்ற செய்தி பழைய வரலாற்றில் இல்லை. அது பிற்காலத்தார் சேர்த்தது.

ஒன்று மூன்று நாளின் துணிவு. மற்றையது இருபது ஆண்டின் பொறுமை. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சியாங் யூவின் முடிவே காட்டும். கி. மு. 202இல் லியூ பாங்கிடம் தோற்று, வூ ஆற்றங்கரையை அவன் அடைந்தபோது, அவனை அக்கரை சேர்க்க ஓர் ஓடம் காத்து நின்றது. தன்னோடு புறப்பட்ட எண்ணாயிரம் இளைஞருள் ஒருவரேனும் திரும்பாத நிலையில், அவர்தம் பெற்றோர் முகத்தில் விழிக்க அவன் நாணினான். ஓடத்தை மறுத்துத் தன் உயிரைத் தானே மாய்த்தான். ஓடங்களை அமிழ்த்தி வென்றவனுக்கு, ஓடம் ஏறித் தோல்வியைச் சுமந்து வாழ்தல் இயலவில்லை.

இவ்விருவர் வரலாற்றையும் எழுதிவைத்தவர் சீமா சியென். வரலாறு எழுதும் பணியைத் தந்தையார் இறக்கும் தறுவாயில் அவரிடம் ஒப்படைத்திருந்தார். பகைவரிடம் சரணடைந்த லீ லிங் என்னும் தளபதிக்காகப் பரிந்து பேசியமையால், பேரரசர் வூவின் சினத்துக்கு அவர் ஆளானார். தண்டப்பணம் செலுத்த வகையில்லை. மானமுள்ளோர் அந்நாளில் உயிரை விடுவதே மரபு. அவரோ ஆண்மையழிக்கும் தண்டனையை ஏற்று, ஊரார் நகைப்பைத் தாங்கி உயிர்வாழ்ந்தார். நூல் முடியாதிருந்ததே காரணம் என்று நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் விளக்கினார். 130 அதிகாரங்கள் கொண்ட அந்நூல் நிறைவெய்தியது.

அவர் அன்று இறப்பைத் தேர்ந்திருப்பின், இவ்விரு கதைகளையும் இத்தனை விரிவாக உலகம் அறிந்திராது. ஓடத்தை அமிழ்த்தற்குத் துணிவு வேண்டும். கைப்பை நாள்தோறும் சுவைத்தற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும்.