முதியோரும் மிதிவண்டியும்

மேனாடுகளில் பனிக்காலம் கழிந்து இளவேனில் தலைகாட்டும்போது, ஆங்குள்ளோர் கொட்டகையில் மூடி வைத்திருந்த சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெயிட்டு, காற்றடித்துக் கிளம்புவது வழக்கம். நம் நாட்டில் பனிக்காலமுமில்லை, இளவேனிலுமில்லை. எனினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல்தோறும் கோலாலம்பூரை நனைக்கும் பெருமழை தை பிறந்ததும் சற்றே ஓய்கின்றது. அப்பொழுது செந்தூலிலும் விடியற்காலையில் தலை நரைத்த சிலர் மாதக்கணக்காகத் தொடாதிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்துமலைப் பக்கம் செல்வதை நாம் காண்கின்றோம். முதல் வாரம் மூச்சிரைக்கின்றது. இரண்டாம் வாரம் முழங்கால் முறையிடுகின்றது. ஆயினும் அவர்கள் விடுவதில்லை.

இவர்களைக் கண்டு நம்மவர் சொல்வது இரண்டு. ஒன்று, "இந்த வயதில் இதெல்லாம் வேண்டுமா?" என்பது. மற்றொன்று, "பிள்ளைகள் கார் வைத்திருக்கையில் அப்பா சைக்கிளில் போவது கௌரவமா?" என்பது. முதற் கேள்வி அறியாமையினின்று எழுவது. இரண்டாவது பொய்ம்மானத்தினின்று எழுவது. இவ்விரண்டிற்கும் சரித்திரமே தக்க விடையளிக்கும் என்பது நமது எண்ணம். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

1817ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை முன்னும் பின்னுமாகப் பூட்டி, தரையைக் காலால் உந்திச் செல்லும் ஒரு வண்டியைச் செய்தார். அதற்கு மிதிகட்டை கிடையாது. 1860களில் பிரான்சு தேசத்தார் முன் சக்கரத்தில் மிதிகட்டையைப் பொருத்தினர். 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவினவாய், சங்கிலியால் பின் சக்கரம் சுழலுமாறு அமைத்த சைக்கிளே இன்று நாம் ஏறுகின்ற சைக்கிளின் மூதாதை. அதுவும் கெட்டி ரப்பர் சக்கரத்தில் ஓடி எலும்பை உலுக்கிற்று. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஒரு பிள்ளையின் விளையாட்டு வண்டிக்குச் செய்த இக்காரியம் தமிழ்நாட்டுக் குடியானவர் பல்லாயிரவரின் தலைவிதியை மாற்றப் போகின்றதென்று அன்று எவர் அறிந்தார்?

காற்றடைத்த டயருக்கு ரப்பர் வேண்டும். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்தினின்று சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்டக்காரரை ரப்பர் பயிரிடுமாறு ஓயாது வற்புறுத்தினார். சைக்கிள் எழுப்பிய பசியை மோட்டார் வண்டி பன்மடங்காக்கிற்று. கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களின் கிராமங்களுக்குச் சென்று ஆள் சேர்த்தனர். காடு அழிந்தது, கித்தாக் காடு எழுந்தது, லயங்கள் எழுந்தன. ஆகவே சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்றையதன்று. சக்கரத்திற்குக் காற்றுச் சட்டை போர்த்தியவர் ஒருவர். அச்சட்டைக்குப் பால் சுரக்கச் செய்தவர் நம் பாட்டனும் பாட்டியுமாவர்.

தோட்டத்திற்குச் சென்றோர் ஒரு சாரார். ரயிலுக்குச் சென்றோர் மற்றொரு சாரார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் மலாய் நாடுகளின் ரயில்வே மத்திய பட்டறை அமைந்தது. இஞ்சின் பழுது பார்ப்போரும், கொல்லரும், தச்சரும், வர்ணம் பூசுவோருமாக ஆயிரக்கணக்கானோர் அங்கு உழைத்தனர். அவருள் தமிழர் பெருந்தொகையினர். பட்டறையைச் சுற்றி வளர்ந்ததே செந்தூல். நடந்து செல்லத் தூரமாகவும், வேறு வண்டியில் செல்லக் கட்டுப்படியாகாததாகவும் இருந்தவிடத்து, தொழிலாளிக்குச் சைக்கிளே கை கொடுத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ராலேயோ ஹெர்குலிசோ வீட்டின் முதற் சொத்தாக விளங்கிற்று.

ஆனால் தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கே சைக்கிள் வைத்திருக்கலாம். எப்பொழுதும் அதன்மீது அமர்ந்திருக்கலாகாது. எதிரே வெள்ளைத் துரை வந்தால் இறங்க வேண்டும். கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். தன் உழைப்பால் வாங்கிய வண்டியைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, அவர் கடந்து செல்லுமளவும் ஓரமாக நிற்க வேண்டும். டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்தவன் அந்த டயரின்மேல் நிமிர்ந்து செல்ல உரிமையற்றவனானான்!

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் யூனியனை முன்னின்று நடத்தியோருள் ஒருவரான ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் விடுத்த கோரிக்கைகளைக் காண்மின்: சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல வைத்திய வசதி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு சேர்த்து, துரைமாரும் தோட்ட உத்தியோகஸ்தரும் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையையும் கேட்டனர். கூலிக்கும் கல்விக்கும் நடுவே சைக்கிள் ஏன் வந்தது என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு ஒன்றுமில்லை. வயிற்றுக்குக் கேட்டவர்கள் முதுகெலும்புக்கும் சேர்த்துக் கேட்டார்கள், அவ்வளவே.

அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டுப் பட்டாளம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். ஏழு மாதங்கூட முழுதாகக் கழியவில்லை. டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் மலாயாவின் சாலைகளில் தெற்கு நோக்கி உருண்டு வந்தது. டயர் வெடித்தவிடத்து வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. கூலியாள் தன் முன் சைக்கிளில் அமர்ந்திருப்பதைச் சகியாத துரைத்தனம், சைக்கிளில் வந்த படையின் முன் நிற்க மாட்டாது ஓடிற்று. அதனால் நம்மவருக்கு விடிவு பிறந்ததென்று எண்ணற்க. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட தமிழர் பல்லாயிரவர். செந்தூல் பட்டறையோ 1945இல் நேசநாட்டு விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று.

யுத்தத்திற்குப் பிந்திய காலத்தில் சைக்கிள் மீண்டும் ஏழையின் துணையாய் இருந்தது. பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு தோட்டச் சாலைகளில் ஓடிற்று. பிள்ளையை முன் கம்பியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் சென்றது. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் பின் கார் வந்தது. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. செந்தூல் பட்டறையின் வேலைகள் பத்து காஜாவுக்குச் சென்றன. பட்டறை நிலத்தின் ஒரு பகுதியில் 2005இல் கலை அரங்கம் திறக்கப்பட்டது. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. சைக்கிள் மட்டும் வறுமையின் சின்னமென்று ஒதுக்கப்பட்டது. எந்த வண்டியில் அமர்ந்து செல்வது உரிமையென்று நம் முன்னோர் சிறை புகுந்தனரோ, அந்த வண்டியில் அமர்வது அவமானமென்று நாமே கருதலானோம். அன்று துரை இறங்கச் சொன்னான். இன்று நாமாகவே இறங்கிவிட்டோம்.

இறங்கியதன் பலன் யாது? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. அவருள் இந்தியரிடையே இந்நோய் ஏனைய பெரும்பான்மை இனத்தாரைவிட மிகுதி. இதற்குக் குலவழியும் உணவும் காரணங்களாம். எனினும் உடல் அசையாதிருத்தல் பெருங்காரணங்களுள் ஒன்றென்பதை மறுப்பாரில்லை.

இனி, "இந்த வயதில் முடியுமா?" என்னும் கேள்விக்கு வருவோம். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயதுடைய ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி ஆராய்ந்தனர். அவர்களுடைய உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் குன்றிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரை மறுபடியும் ஆராய்ந்தபோது கண்டது வியப்புக்குரியது: முப்பது ஆண்டு வயது செய்த கேட்டைவிட, மூன்று வாரப் படுக்கை செய்த கேடே பெரிதாயிருந்தது! பின்னர் நடை, ஓட்டம், சைக்கிள் முதலியவற்றில் ஆறு மாதம் படிப்படியாகப் பழகியதும், ஐம்பது வயதில் அவர்கள் இருபது வயதில் பயிற்சிக்கு முன் இருந்த நிலையை எட்டினர். பிரான்சு தேசத்து ராபர்ட் மார்ஷாங் என்னும் முதியவர் 2012இல் தம் நூறாவது வயதில் ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சைக்கிள் ஓட்டினார். இரண்டாண்டு கழித்து, 102ஆம் வயதில், ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஓட்டினார். முதுமை ஏறும்போதே திறனும் ஏறியது! அவர் பிறவி வீரரன்று. பல்லாண்டு சைக்கிளை விட்டிருந்து, அறுபதைக் கடந்த பின்னரே அதனை மீண்டும் கைக்கொண்டவர். நம்மில் எல்லாரும் மார்ஷாங் ஆக முடியாது, ஆக வேண்டுவதுமில்லை. உடல் எவ்வயதிலும் கற்றுக்கொள்ளும் என்பதை அவரிடமிருந்து நாம் அறிந்தால் போதும்.

எனினும் அவசரம் ஆகாது. பயிற்சியை விட்ட இரண்டொரு வாரத்திலேயே உடலிலுள்ள இரத்தத்தின் அளவு குறைகின்றது. ஆதலாலே முதல் மேட்டில் நெஞ்சு படபடக்கின்றது. மீண்டும் தொடங்கினால் அவ்வளவு விரைவில் மீள்வதும் அதுவே. ஆனால் தசைநாண்களும் மூட்டுகளும் மெல்லவே பழகும். மூச்சு முதலில் திரும்பும். மூட்டு பின்னரே திரும்பும். மூச்சு திரும்பியதைக் கண்டு, "பழைய பலம் வந்துவிட்டது" என்று கருதி இளைஞரோடு போட்டியிடுவோரே முழங்காலைக் கெடுத்துக்கொள்கின்றனர்.

ஆகவே நெடுநாள் விட்டுத் தொடங்கும் முதியோர் முதலில் வைத்தியரிடம் இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளக் கடவர். முதல் இரு வாரம் சமதரையில் இருபது நிமிடம் போதும். ஓட்டுகையிலே பக்கத்திலுள்ளவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாவிடில் வேகம் மிகுதி. ஒரு நாள் ஓட்டினால் ஒரு நாள் ஓய்வு தக்கது. இளைஞரைவிட முதியோர் உடலுக்கு ஆறும் காலம் அதிகம் வேண்டும். மிதிகட்டை அடியில் வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையை உயர்த்துக. தாழ்ந்த இருக்கையே பல முழங்கால் நோவுகளுக்கு மூலம். இன்சுலின் போன்ற மருந்து கொள்வோர் சர்க்கரை தாழாதிருக்கச் சிறிது இனிப்பைப் பையில் வைத்திருத்தல் அவசியம். நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுக. வெயில் ஏறுமுன் வீடு திரும்புக. வாரத்திற்கு 150 நிமிட மிதமான அசைவை உலகச் சுகாதார நிறுவனம் வேண்டுகின்றது. அதனை எட்ட மாதம் இரண்டானாலும் குற்றமில்லை. சைக்கிள் எலும்பை வலுவாக்குவது குறைவாதலால், நடையையும் சிறு பளு தூக்குதலையும் உடன் கொள்க.

இவ்வளவும் ஆண்களுக்கு மட்டுமென்று எண்ண வேண்டா. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் பழகினர். கேலி செய்தோர் ஓய்ந்தனர். பழகியோர் தண்ணீருக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் பிறர் துணையின்றிச் சென்றனர். செந்தூலின் தாய்மார் மட்டும் எதில் குறைந்தவர்?

சாலையின் குறையையும் சொல்லாதிருக்கலாகாது. கோலாலம்பூரில் ஞாயிறு காலையில் சில சாலைகளை மோட்டார் வண்டியின்றி விடும் ஏற்பாடு 2014இல் தொடங்கிற்று, அது நன்று. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைச் சாலை திங்கட்கிழமைத் தொழிலாளிக்கு உதவாது. அன்றாடம் அஞ்சாமல் செல்லத்தக்க தனிப்பாதை வேண்டுமென்று நாம் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்குமாவென ஐயுறுவோர் 1941ஐ நினைக்க. துப்பாக்கிக்கு முன்னின்று கேட்டவர்களின் பேரர், மனுக்கொடுத்துக் கேட்கவும் தயங்குவதோ?

தோழர்களே! நும் வீட்டுப் பின்கட்டில் துருவேறிக் கிடக்கும் சைக்கிள் வெறும் இரும்பன்று. அதன்மேல் நிமிர்ந்து அமர்ந்து செல்வதற்காக ஒரு தலைமுறை கூலியிழந்தது, சிலர் உயிரிழந்தனர். இந்தத் தை மாதத்தில் அதனைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, மெல்ல ஏறுங்கள். மேடு வந்து மூச்சு முட்டினால் தாராளமாக இறங்கித் தள்ளுங்கள், அதில் இழிவில்லை. வேறு எவருக்காகவும் எதற்காகவும் இறங்க வேண்டுவதில்லை.