பால் விடாத டீ

மயிலாப்பூரில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய், 'எனக்குப் பால் விடாத டீ போதும்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஏன், உடம்புக்கு என்ன?' என்று பதறிவிடுவார்கள். நம்மைப் பொறுத்தவரை பிளாக் டீ என்பது வயிறு சரியில்லாதவர் சமாச்சாரம்.

பீபரி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று காப்பிப்பொடி கடையில் நின்று வாதாடுகிற நாம், டீத்தூளை மட்டும் ஏதோ ஒரு பாக்கெட் என்று வாங்கி வந்துவிடுகிறோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் சி.டி.சி. டஸ்ட். 1930-ல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய இயந்திரம், இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளும். சாயம் சட்டென்று இறங்கும், பாலுக்கும் ஈடு கொடுக்கும். பாலை எடுத்துவிட்டால் கசக்கும். பிளாக் டீ என்றால் நாம் முகம் சுளிப்பது இதனால்தான்.

இந்த இலைக்குப் பின்னால் நம் ஊர்க்காரர்களின் கதை இருக்கிறது, தெரியுமா?

இலங்கை மலைகளில் முதலில் காப்பிதான். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869-ல் காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்தது. இருபது வருஷத்தில் காப்பி படுத்துவிட்டது, தேயிலை எழுந்துவிட்டது. காப்பி என்றால் பழம் பறிக்கிற சீசனுக்குப் போய்விட்டு ஊர் திரும்பலாம். தேயிலை அப்படி விடாது. கொழுந்து வருஷம் பூராவும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களிலேயே தங்கிவிட்டார்கள்.

1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்! சம்பந்தப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களுக்குச் சர்க்கார் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பலருக்குப் பிறந்த ஊரே அந்த மலைதான். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-ல் அது 'டேன்டீ' ஆனது. கடல் தாண்டி வந்தும் கையில் மறுபடி கொழுந்துதான்.

ஒரே ஒரு தடவை, நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் முழு இலையாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் இலை. மூடி வைத்து, மூன்று நாலு நிமிஷத்தில் வடிகட்டுங்கள். இலையைக் கொதிக்க விடாதீர்கள், கசந்துவிடும். செம்பு நிறம், லேசான பூ வாசனை. இனிப்பு வேண்டுமா? யாழ்ப்பாணத்துக்காரர்கள் மாதிரி பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடியுங்கள்.

குடித்து முடித்ததும் வடிகட்டியைப் பாருங்கள். சுருள் பிரிந்து, இலை இலையாகக் கிடக்கும். யாரோ ஒரு அம்மா விரலால் கிள்ளிப்போட்ட இலை அது. டஸ்ட்டில் அது தெரியாது.