நீலப் புகையின் தீர்ப்பு

இயந்திரம் கழிக்கும் புகையின் விசையாற் சுழலியொன்றைச் சுழற்றி, அவ்வியந்திரத்துக்கே மிகுதியான காற்றை ஊட்டும் உபாயத்துக்கு, சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி 1905இல் காப்புரிமை கோரினார். டர்போ என்பது அதுவே. 1962இல் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபீல் காரில் ஏறிய அது, 1977இல் சுவீடனின் சாப் 99 மூலம் குடும்பக் காருக்கும் உரியதாயிற்று.

நிமிடத்துக்கு ஓரிலட்சம் முறைக்கு மேற் சுழலவல்ல அதன் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதக்கின்றது. விரைந்து வந்த காரை உடனே நிறுத்தினால் எண்ணெயோட்டம் நின்றுவிடும். தேங்கிய எண்ணெய் வெப்பத்திற் கரியாகும். நாளடைவில் தாங்கி தேயும்; எண்ணெய் கசியும்; நீலப் புகை எழும்.

புகையைக் கண்டதும் இயந்திரமே தேய்ந்ததெனத் தீர்ப்பளித்தல் அவசரமாகும். முதலில் உருளைகளின் அமுக்கத்தை அளத்தல் வேண்டும். அமுக்கம் குறைந்த உருளையிற் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க அது உயருமாயின், தேய்ந்தவை பிஸ்ரன் வளையங்களே. யாவும் நன்றாயிருப்பின் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம். ஆறிய பின்னர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! இயந்திரத்தின் மூச்சுக்குழாய் அடைபட்டாலும் இதே புகை தோன்றுமாதலால், அதனையும் நோக்குதல் நன்று.

1980களில் தாங்கியைச் சுற்றி நீரோடச் செய்தனர். அதற்கு முந்திய கார்களை உடையோர், நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் இயந்திரத்தை மெல்ல ஓடவிடுகின்றனர்.