காயலான் கடை முன்சக்கரம்: கார்ட்டினாவா, சியர்ராவா?

பிரிட்டனில் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவர்கள் முதலில் செய்வது, பழைய கார் ஒன்றைப் பிரித்துப் போடுவது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் எல்லாம் அதிலிருந்து வரும். சேஸை மட்டும் சதுரக் குழாயில் தாங்களே வெல்டிங் வைத்துக்கொள்வார்கள். 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று 1996இல் ரான் சாம்பியன் ஒரு புத்தகம் போட்டு ஆசை காட்டினார். லோட்டஸ் செவன் சாயலில் அமைந்த அந்த வண்டிக்கு லோகாஸ்ட் என்று பெயர். பிரிக்கச் சொன்ன கார் ஃபோர்டு எஸ்கார்ட்.

முன்சக்கரத்துக்கு மட்டும் எஸ்கார்ட் உதவவில்லை. அதில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூண். அதன் தலையைத் தாங்க உயரமான மட்கார்டு வேண்டும். லோகாஸ்ட்டின் தாழ்ந்த மூக்கில் அதற்கு ஏது இடம்? ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு விஷ்போன், அதாவது V வடிவக் கைகள். அவற்றின் நடுவில் நின்று சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கு 1976 முதல் 82 வரை வந்த கார்ட்டினா மார்க் 4, மார்க் 5 வண்டிகளைத் தேடினார்கள்.

கார்ட்டினா நக்கிள் பிறந்ததே இரட்டை விஷ்போனுக்காக. மேலும் கீழும் பால் ஜாயின்ட் உட்காரும் குழி வார்ப்பிலேயே உண்டு. மேல் விஷ்போனில் டிரான்சிட் வேனின் ஸ்டீயரிங் ராடு முனையை மரையில் திருகிவிடுகிறார்கள். அதை உள்ளே திருகினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும், வெளியே திருகினால் நிமிரும். கேம்பர் எனும் இந்தச் சாய்வைச் சரிசெய்வது அவ்வளவு எளிது. இந்த எளிமைக்காகவே என் ஓட்டு கார்ட்டினாவுக்கு.

1982இல் கார்ட்டினாவின் இடத்துக்கு வந்த சியர்ராவிலும் ஸ்ட்ரட்தான். அதன் நக்கிளில் மேல் குழி கிடையாது. ஸ்ட்ரட்டைச் செருகி போல்ட்டால் நெருக்கிப் பிடிக்கும் ஒரு துளைதான் உண்டு. அந்தத் துளைக்குள் லேத்தில் கடைந்த எஃகுத் துண்டு ஒன்றை இறக்கி, அதன் தலையில் பால் ஜாயின்டைப் பொருத்துகிறார்கள். குடை போல விரிந்திருப்பதால் அதற்குக் ‘காளான்’ என்றே பெயர். ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனாலும் ஓடுகிறது. காளானின் தண்டு துளையில் இம்மியும் ஆடக்கூடாது. கையால் அசைக்க முடிந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

அப்படியிருந்தும் சியர்ராவை ஏன் நாடினார்கள்? லோகாஸ்ட்டுக்கு எஸ்கார்ட் ஒன்று, கார்ட்டினா ஒன்று என இரண்டு கார் தேவைப்பட்டது. சியர்ரா ஒன்றைப் பிரித்தாலே எஞ்சினிலிருந்து பின்சக்கர டிஃபரன்ஷியல் வரை கிடைத்துவிடும். காயலான் கடைகளில் கார்ட்டினா அருகிக்கொண்டிருந்த காலம் வேறு. கிறிஸ் கிப்ஸ் 2007இல் எழுதிய புத்தகம் சியர்ராவைத்தான் பிரிக்கச் சொல்கிறது. சக்கரத்துக்கு இரண்டிலும் ஒரே கணக்கு: நாலு போல்ட், 108 மில்லிமீட்டர் வட்டம்.

ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதில் இரண்டுமே படுத்தும். ஒரு டன் எடையுள்ள வண்டிக்குச் செய்த பாகத்தை ஏறக்குறைய அதில் பாதி எடையுள்ள வண்டியில் மாட்டினால் சக்கரத்துக்குத் திரும்பும் வேகம் வராது. மேல் பால் ஜாயின்டைப் பின்னுக்குத் தள்ளி காஸ்டரை, அதாவது ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வைக் கூட்ட வேண்டும். இப்படிக் கட்டிய கார்களைச் சாலைக்கு அனுமதிக்க பிரிட்டனில் 1998 முதல் எஸ்விஏ என்றும் 2009 முதல் ஐவிஏ என்றும் நடக்கும் சோதனையில், ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு மட்டும் முன்சக்கரங்களைச் சற்றே வெளிப்பக்கம் விரித்துவைத்து ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு!

எந்த நக்கிளை மாட்டினாலும் சரி, ஸ்பிரிங் போடுவதற்கு முன் சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். அது தானாக உள்ளேயோ வெளியேயோ திரும்பினால் ஸ்டீயரிங் ராக்கின் உயரம் தவறு. ராக்கின் பிராக்கெட்டை அந்த உயரத்தைச் சரிசெய்த பிறகு வெல்டிங் செய்துகொள்ளலாம்.