நகரச் சிறுவரின் மூச்சு வலிமை

உடல் வலிமை என்றதும் நம்மிற் பலர் திரண்ட தோளையும் அகன்ற மார்பையுமே நினைப்பர். நெடுந்தூரம் ஓடியும் களைக்காத மூச்சை நினைப்பவர் சிலரே. ஓடும்போது சுவாசப்பை உள்வாங்கும் ஒட்சிசனை இருதயம் குருதி வழியே தசைகளுக்கு அனுப்புகின்றது. அவ்வாற்றலே மூச்சு வலிமை. வளரும் பருவத்துச் சிறுவன் அதனை ஓடியாடியே பேணுகின்றான். ஓட இடமில்லாத நகரத்திலே அவன் நிலை யாதாகும்? இவ்வினாவுக்குப் பிரித்தானியரின் வரலாறு நல்ல விடை தருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அந்நாட்டின் கைத்தொழில் நகரங்கள் விரைந்து பெருகின. ஆலைப்புகை வானை மூடிற்று. வீடுகள் நெருங்கி நின்றன. ஏழைச் சிறுவர்க்குத் தெருவே விளையாட்டிடமாயிற்று. இதன் விளைவைப் போரே வெளிப்படுத்திற்று. 1899இல் தென்னாபிரிக்காவிற் போர் மூண்டபோது, மான்செஸ்ரர் நகரிற் படையிற் சேர முன்வந்த 11,000 பேரில் 8,000 பேர் தகுதியற்றோரென விலக்கப்பட்டதாக அக்காலத்தோர் கணக்குக் காட்டினர். தம் இனமே நலிந்துவிட்டதோ எனப் பலரும் அஞ்சினர்.

இதனை ஆராய அரசாங்கம் அமைத்த குழு 1904இல் அறிக்கை வெளியிட்டது. பரம்பரையாக இனம் நலிகின்றதென்பதற்கு அது சான்று காணவில்லை. நெருக்கமான குடியிருப்பையும் மாசடைந்த காற்றையும் போதாத உணவையுமே அது குறைகூறிற்று. குறை சிறுவனின் இரத்தத்திலன்று, அவன் வாழும் இடத்திலேயே என்பது தெளிவாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க 1906இலும், அவர்களை வைத்தியர் பரிசோதிக்க 1907இலும் சட்டங்கள் பிறந்தன. 1925இல் தேசிய விளையாட்டு வெளிச் சங்கம் தோன்றிற்று. 1936இல் மறைந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் நினைவாக நாடெங்கும் 471 விளையாட்டு வெளிகள் அமைந்தன. மன்னருக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறுண்டோ?

ஆயினும், படை வைத்தியர் உயரத்தையும் நிறையையும் மார்பளவையும் பார்த்தனரேயன்றி மூச்சு வலிமையை அளந்தாரல்லர். ஓடுபவன் கொள்ளும் ஒட்சிசனுக்கு ஓர் உச்ச எல்லை உண்டென்பதை 1920களிலே ஏ. வி. ஹில் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் அதனை மதிப்பிட எளிய வழியொன்றைக் கனடாவின் மொன்றியல் நகரத்து லூக் லெஜே 1982இல் வெளியிட்டார். 20 மீற்றர் இடைவெளியில் இரு கோடுகள். ஒலிக்கும் ஓசைக்கேற்ப அவற்றிடையே ஓடித் திரும்பவேண்டும். வேகம் படிப்படியாக ஏறும். ஓசைக்கு ஈடுகொடுக்க முடியாத கட்டமே ஓடுபவனின் அளவு. இதற்கு ஒடுங்கிய பாடசாலை முற்றமும் போதும்.

அவ்வளவுகோல் காட்டிய செய்தி கவலைக்குரியது. 19 நாடுகளில் 1981 முதல் 2014 வரை பெற்ற அளவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு, சிறுவர் சிறுமியரின் மூச்சு வலிமை ஏறத்தாழ 7 வீதம் குறைந்ததென்று காட்டிற்று. 2000இன் பின் வீழ்ச்சி தணிந்தது ஒன்றே ஆறுதல். 2016ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி, 11 முதல் 17 வயதுச் சிறுவரில் நூற்றுக்கு 78 பேர் போதிய அளவு உடலை இயக்கவில்லை. நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணிநேரம் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

பெரியோர்களே! சிறுவனைச் சோம்பேறி என்று கடியுமுன், அவன் ஓட நாம் விட்டுவைத்த நிலம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். இளைஞர்களே! உள்ள சிறு முற்றத்தையும் வெறிதே கிடக்க விடாதீர்கள். இருபது மீற்றர் இடமும் ஒரு மணிநேரமும் உண்டெனில் தொடங்கலாம்.